புதுப்பிப்பு: குடும்பத்தோடு கடலில் மீன்பிடிக்கப் போய்வந்தாச்சு

அரை நாளா முழு நாளா, தனிப் படகா கூட்டுப் படகா என்று முன்பு கேட்டிருந்தேன். தனிப் படகு, அரை நாள் என்று முடிவானது. ஓடும் படகில் தூண்டிலை இழுத்துக்கொண்டே போகும் ட்ரோலிங் வேண்டாம், கரைக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டுப் பிடிக்கலாம் என்று கேப்டனிடம் முன்பே சொல்லிவிட்டேன். ட்ரோலிங்கில் பெரிய மீன் மாட்டலாம்தான், ஆனால் மணிக்கணக்கில் சும்மா உட்கார எந்தப் பிள்ளைக்குப் பொறுமை?

அப்புறம் பலரும் எச்சரித்த குமட்டல். மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், தலைசுற்றல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலனில்லை. அம்மா படகின் பின்பக்கம் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தையே பார்த்தபடி வந்தார், ஒன்றும் ஆகவில்லை. கேபினுக்குள் போய் போனை நோண்டிய மச்சான்தான் வாளியும் கையுமாகக் கிடந்தார். நங்கூரமிட்டு நிற்கும்போதுதான் ஆட்டம் அதிகம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டிலில் கட்டிய ஈயக்குண்டு கடலடித் தரையைத் தட்டியதும் தூண்டில் நரம்பு தொய்யும். உடனே இரண்டு சுற்று மேலே சுற்றாவிட்டால் பாறையில் சிக்கிவிடும். இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவள் சின்னவள். அளவு குறைந்த மீன்களைத் திரும்பக் கடலில் விட்டுவிட்டோம்.

சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.