ஒன்டோல்: மூணு அறை சூடு, ஒரு அறை மட்டும் ஐஸ். பாய்லரா, பைப்பா?

கடைசிமாடி கேட்டது:

தென் கொரியாவில் சுவோன்ல பழைய கட்டடம், 4-வது மாடி. சூட்டுக்கு ஒன்டோல், அதாவது தரைக்கு அடியில் பைப்பில் சுடுதண்ணியை ஓடவிடும் முறை. பின் பால்கனியில் தனி கேஸ் பாய்லர், லேபிளில் 2013-னு போட்டிருக்கு. கிச்சன் சிங்க்குக்குக் கீழே புன்பெகி, அதாவது சுடுதண்ணியை அறை அறையாப் பிரிச்சு விடும் பித்தளைக் கட்டை. நாலு லைன்: ஹால், பெரிய அறை, கிச்சன், வடக்குப் பக்கச் சின்ன அறை.

வெளியே மைனஸ் 11. ஹால் கன்ட்ரோலர் 23 காட்டுது, அங்கே தரையும் நல்ல சூடு. சின்ன அறையில் வெச்ச தெர்மாமீட்டர் 14-ஐத் தாண்டல, தரையில் வெறுங்கால் வைக்க முடியல. நாலு வால்வு கைப்பிடியும் பைப்புக்கு நேராத்தான் இருக்கு. பாய்லரில் எரர் இல்லை, குழாயில் வெந்நீரும் ஒழுங்கா வருது. போன குளிர்காலம் வரை அந்த அறை சாமான் போடும் அறை, அதனால் அந்த லைனை மூடியே வெச்சிருந்தாங்க.

பாய்லர் பழசு, வசந்த காலத்தில் மாத்திக்கலாம்ங்கிறார் வீட்டுக்காரர். நிஜமாவே பாய்லர்தான் காரணமா? அதுவரைக்கும் என்ன செய்யலாம்?

குழாயடி பதில்:

பாய்லர் இல்லைங்க. பாய்லர் கெட்டிருந்தா நாலு லைனும் சேர்ந்துதான் குளிரும். பம்ப் நின்னாலும் அப்படித்தான். பாய்லருக்கு அடியில் திரும்பி வரும் பைப்பில் ஒரு சல்லடை பில்ட்டர் இருக்கும், அதில் துரு அடைச்சாலும் அப்படித்தான். ஒரே ஒரு லைன் செத்திருக்குன்னா, கோளாறு புன்பெகிக்கும் அந்த அறைக்கும் நடுவில்தான்.

முதல் சோதனைக்கு உங்க கையே போதும். கன்ட்ரோலரை ஒன்டோல் மோடில், அதாவது அறைச் சூட்டைப் பார்க்காம தண்ணி சூட்டைப் பார்த்து ஓடும் மோடில் போட்டு, தண்ணி சூட்டை 60-ல் வெச்சு ஒரு மணி நேரம் ஓடட்டும். புன்பெகியில் ரெண்டு கட்டை இருக்கும்: ஒண்ணில் சூடு வரும், இன்னொண்ணில் திரும்பும். திரும்பும் கட்டைக்கு வந்து சேரும் நாலு பைப்பையும் வரிசையாத் தொடுங்க. சூடு வரும் பைப் கொதிக்குது, திரும்பும் பைப் வெதுவெதுன்னு இருக்குன்னா தண்ணி ஓடுது. திரும்பும் பைப் ஜில்லுன்னு இருந்தா அந்த லைனில் ஓட்டமே இல்லை. திரும்பும் பைப் நல்ல சூடு, ஆனா அறை மட்டும் குளிருதுன்னா கோளாறு தரையில் இல்லை, ஜன்னலில்.

ரெண்டாவது சோதனை: மத்த மூணு லைனையும் மூடிட்டு, சின்ன அறையை மட்டும் திறந்து ஒரு மணி நேரம் விடுங்க. பம்போட முழு அழுத்தமும் அந்த ஒரு லைனுக்குப் போகும். சூடு ஏறினா ஓட்டம் பங்கு பிரியறதில்தான் பிரச்சினை, கிட்ட இருக்கும் லைன்கள் தண்ணியை இழுத்துக்குது. ஏறவே இல்லைன்னா ஏர் அடைச்சிருக்கு, இல்லை வால்வு செத்திருக்கு.

ஏர் எடுக்கும் முறை. திரும்பும் கட்டையின் ஓரத்தில் சின்ன வடிகால் வால்வு இருக்கும். அதில் ஹோஸை மாட்டி மறுமுனையை 20 லிட்டர் பக்கெட்டில் விடுங்க. தண்ணி சூட்டை ஆகக் குறைச்சு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிடுங்க. பவரை அணைக்க வேண்டாம், தானா நிரப்பிக்கும் பாய்லருக்கு அது வேணும். சின்ன அறை லைனை மட்டும் திறந்து வெச்சு வடிகாலை மெதுவாத் திறங்க. முதலில் 'புஸ் புஸ்'னு துப்பும், அப்புறம் கறுப்பா, பழுப்பா வரும், கடைசியில் தெளியும்.

எவ்வளவு வடிக்கணும்னு கணக்குப் போடலாம். 9 சதுர மீட்டர் அறை, பைப்புக்குப் பைப் 20 செ.மீ. இடைவெளின்னா 45 மீட்டர் பைப். கிச்சனிலிருந்து போக வர 10 மீட்டர் சேருங்க. உள்விட்டம் 16 மி.மீ.ன்னா உள்ளே ஏறக்குறைய 11 லிட்டர் நிற்கும். ஆக, ஒரு பக்கெட் நிறைய வடிச்சாத்தான் பழைய தண்ணி முழுசா வெளியே வந்ததா அர்த்தம். நிறைய பேர் ரெண்டு லிட்டரில் நிறுத்திட்டு 'ஏர் எடுத்தாச்சு'ன்னு சொல்லிடறாங்க. நடுவில் தண்ணி குறைவு எரர் வந்தா வடிகாலை மூடி, பாய்லர் நிரப்பிக்கிற வரை பொறுத்துட்டுத் தொடருங்க.

வெதுவெதுப்பு பதில்:

மேலே சொன்னது தனி பாய்லர் உள்ள வீட்டுக்கு மட்டும். பெரிய அடுக்ககங்களில் சூடு வெளி நிலையத்திலிருந்து வரும், ச்சியோக் நன்பாங் என்பார்கள். அங்கே இந்த வடிகாலைத் திறக்கக் கூடாது, நிர்வாக அலுவலகத்தைத்தான் கூப்பிட வேண்டும். அவ்வகை வீட்டில் ஒரு அறை மட்டும் குளிர்ந்தால், லைன் மீது பொருத்திய சிறு மோட்டார் மூடிய நிலையில் நின்றுவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கன்ட்ரோலர் பற்றி ஒன்று. 'சில்லே' (அறைச் சூடு) மோடில் பாய்லர் நம்புவது ஹாலில் உள்ள சென்சாரை. ஹால் 23-ஐ எட்டியதும் பாய்லர் நிற்கும், சின்ன அறை 14-ல் கிடந்தாலும் அதற்குத் தெரியாது. பழுது தீரும்வரை ஒன்டோல் மோடில் 55 முதல் 60 வரை வைத்திருங்கள். பகலில் வெளியே போகும்போது 'வேச்சுல்' போடும் பழக்கம் வேண்டாம். அது உறையாமல் காப்பதற்கான மோடு. குளிர்ந்துபோன காங்கிரீட்டைத் திரும்பச் சூடாக்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், மிச்சம் பிடித்த கேஸில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். இரண்டு மூன்று டிகிரி மட்டும் குறைத்துவிட்டுப் போங்கள்.

2013 பாய்லர் என்பதால் பால்கனிக்குப் போகும்போது புகைக்குழாய் இணைப்பையும் பாருங்கள்: விலகல், கரி படிந்த தடம், தளர்ந்த டேப். 2018 டிசம்பரில் காங்னுங் விடுதியில் மூன்று மாணவர்கள் இறந்தது, குழாய் கழன்று கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வந்ததால்தான். அலாரம் இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

கடைசிமாடி:

ரெண்டு சோதனையும் செஞ்சேன். மூணு பைப் வெதுவெதுப்பு, சின்ன அறையோடது பச்சைத்தண்ணி. மத்ததை மூடி ஒரு மணி நேரம் விட்டும் மாற்றமில்லை. வடிகாலைத் திறந்தா அரை டம்ளர் வந்து நின்னுடுது, ஆனா ஹால் லைனைத் திறந்தா பீய்ச்சி அடிக்குது. இன்னொண்ணு: சின்ன அறை வால்வு கைப்பிடி மத்ததை விட லேசா, தடையே இல்லாமச் சுத்துது.

குழாயடி:

அதான் விஷயம். வருஷக்கணக்கா மூடியே இருந்த பந்து வால்வில் பந்து இறுகி ஒட்டிக்கும். யாரோ பலமாத் திருப்பினதில் பிளாஸ்டிக் கைப்பிடியோட உள்பள்ளம் தேய்ஞ்சிருக்கும். கைப்பிடி நேரா நிக்குது, பந்து இன்னும் குறுக்கே நிக்குது.

உறுதி பண்ணணும்னா நடு ஸ்குரூவைக் கழட்டி கைப்பிடியை எடுங்க. உள்ளே இரு பக்கம் தட்டையா ஒரு தண்டு தெரியும். அதோட தலையில் கோடு இருந்தா, அந்தக் கோடு போகும் திசைதான் துளையோட திசை. பைப்புக்குக் குறுக்கே இருந்தா மூடியிருக்கு.

பிளையரைப் போட்டு முறுக்காதீங்க. தண்டு முறிஞ்சாலோ ஓ-ரிங் கிழிஞ்சாலோ அங்கேயே ஒழுக ஆரம்பிக்கும், 3-வது மாடிக்காரர் கூரை நனையும். சின்ன ஸ்பேனரை வெச்சு விரல் பலத்தில் மட்டும் இப்படியும் அப்படியும் ரெண்டு மி.மீ. ஆட்டிப் பாருங்க. அசைஞ்சா கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கும். அசையலைன்னா விட்டுடுங்க, அந்த வால்வை மாத்தணும். புன்பெகி முழுக்க அரிச்சிருந்தா கட்டையையே மாத்துவாங்க.

வீட்டுக்காரர்கிட்ட 'பாய்லர்'ங்கிற வார்த்தையே வேண்டாம். புதுப் பாய்லர் போட்டாலும் மூடின வால்வு வழியாத் தண்ணி போகாது. 'சகுன் பாங் நன்பாங்கி அன் த்வேயோ, புன்பெகி வால்வு' (சின்ன அறையில் சூடு வரல, புன்பெகி வால்வு) என்று எழுதி, ஸ்குரூ கழட்டின போட்டோவும் பைப் தொட்டுப் பார்த்த விவரமும் சேர்த்து அனுப்புங்க. சூடு போடும் அமைப்பை ஓடும் நிலையில் வெச்சுக் கொடுக்கிறது பொதுவா வீட்டுக்காரர் பொறுப்பு. நீங்களே முறிச்சுட்டா அந்தப் பேச்சு மாறிடும், அதுக்குத்தான் பிளையர் வேண்டாம்கிறேன்.

வெதுவெதுப்பு:

வால்வு மாற்றியதும் அந்த லைனில் கட்டாயம் ஏர் இருக்கும், ஒரு பக்கெட் வடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் சின்ன அறை பின்தங்கினால் ஹால் வால்வை மூடும் பக்கமாகக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். பந்து வால்வில் பாதி வரை திருப்பினாலும் ஓட்டம் அவ்வளவாகக் குறையாது, மூடுவதற்குச் சற்று முன்தான் சட்டென்று குறையும். 45 டிகிரியில் தொடங்கி ஐந்து ஐந்து டிகிரியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் பொறுத்த பிறகே திரும்பும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள்.