இயற்கை எதிர்ப்பொருளா, தன்னெழு எதிர்ப்பொருளா?

அன்புள்ள புதுவை நண்பருக்கு,

பன்றி உறுப்பை மனிதருக்குப் பொருத்துவது பற்றிய உங்கள் கட்டுரைக்கான சொற்பட்டியலை நேற்று இரவே படித்துவிட்டேன். பெரும்பாலான சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம். "இயற்கை எதிர்ப்பொருள்" என்று நேச்சுரல் ஆன்டிபாடிக்கு (ஆன்டிபாடி என்பது அந்நியமானதை ஒட்டிப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) வைத்திருக்கும் பெயர் ஒன்றை மட்டும் மாற்றியே ஆக வேண்டும்.

கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் இரத்த வகை பார்க்கும் செய்முறை. கண்ணாடி வில்லையில் ஏ வகை இரத்தம் ஒரு சொட்டு, பக்கத்தில் நீலக் குப்பியிலிருந்து ஆன்டி-ஏ, அதாவது ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருள், ஒரு சொட்டு, குச்சியால் கலக்கி வில்லையை லேசாக ஆட்டினால் சில நொடிகளிலேயே திரிந்த பால் மாதிரி மணல்மணலாகத் திரண்டு நிற்கும். "உன் இரத்தத்தில் ஏ இல்லையென்றால் ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருள் உன்னிடம் ஏற்கெனவே இருக்கும், யாரும் ஊசி போட்டு வரவழைத்ததில்லை, அதற்கு இயற்கை எதிர்ப்பொருள் என்று பெயர்" என்றேன். உடனே ஒரு பெண், "அப்ப இந்த நீலக் குப்பியில இருக்கறது செயற்கையா சார்?" என்று கேட்டாள். ஆய்வகத்தில் செல்களை வளர்த்து எடுப்பதுதான் அது, ஒரு கணக்கில் அவள் கேட்டது சரி. ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்லவே! இயற்கை என்றதும் தமிழ்க் காதுக்குச் செயற்கை கூடவே வந்துவிடுகிறது, அதைத் தடுக்க முடியாது. ஆலையில் செய்ததா உடம்பில் உண்டானதா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே அன்றைய வகுப்பு முடிந்துவிட்டது.

"பிறவி எதிர்ப்பொருள்" என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. பிறந்த குழந்தையின் உடம்பு இவற்றைச் செய்வதில்லை, தாயிடமிருந்து வந்தவைதான் அதனிடம் இருக்கும். குடலில் பாக்டீரியாக்கள் குடியேறி, அவற்றின் மேலிருக்கும், இரத்த வகையின் ஏ-வைப் போன்ற சர்க்கரைகளை உடம்பு பார்த்துப் பழகிய பிறகு, முதல் சில மாதங்களில்தான் இவை உருவாகின்றன. 1984-இல் அமெரிக்காவின் லோமா லிண்டா மருத்துவமனையில், பிறந்து 12 நாளே ஆன ஒரு குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயத்தை வைத்தார்கள். குழந்தை ஓ வகை, குரங்கின் வகை வேறு. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அந்த எதிர்ப்பொருள்கள் இன்னும் வந்திருக்காது என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. அதன் பிறகு குழந்தை மூன்று வாரம்தான் உயிரோடிருந்தது. பிறவியிலேயே வருவது என்று பெயர் வைத்தால் அந்த மருத்துவர்கள் போட்ட கணக்கே வாசகருக்குப் புரியாமல் போய்விடும்.

பன்றியிலும் விஷயம் இதுதான். பன்றியின் செல்களில் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை இருக்கிறது ('கால்' என்று எழுதாதீர்கள், பன்றிக்கால் என்றுதான் படிப்பார்கள்). நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பபூன் போன்ற ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது கிடையாது. கிடையாது என்பதால் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் நம் இரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது, இரத்தத்தில் அதிகமாக உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகையில் மட்டும் சுமார் 1 சதவீதம். பன்றியையே பார்த்திராத ஆளுக்கும் இருக்கும்.

பட்டியலின் ஓரத்தில் "முன்னிருப்பு எதிர்ப்பொருள்" என்றும் சொல்லலாமே என்று குறித்திருந்தீர்கள். முதலில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் முன்பு சிறுநீரகம் மாற்றியவருக்கும் அந்த அனுபவத்தாலேயே எதிர்ப்பொருள் வந்து காத்திருக்கலாம், அதுவும் முன்னிருப்புதான். ஆகவே அது பெரிய வீட்டின் பெயர், இது அதில் ஒரு அறை. அந்தச் சொல்லை அந்தப் பொதுப்பொருளுக்கே வைத்துக்கொள்வோம்.

நான் சொல்வது "தன்னெழு எதிர்ப்பொருள்". எங்கள் மாடிச் சுவர் வெடிப்பில் ஒரு அரசங்கன்று நிற்கிறது. யாரும் நடவில்லை, ஆனால் விதை இல்லாமலும் வரவில்லை, காக்கை எச்சத்தில் வந்தது. கேட்டால் "தானா மொளச்சது" என்றுதான் அம்மா சொல்வார். இந்த எதிர்ப்பொருளும் அப்படித்தான், தடுப்பூசியோ மாற்று உறுப்போ எதுவும் நடவில்லை, குடல் பாக்டீரியா விதைத்தது. தன்னெழுச்சியாகத் திரண்டார்கள் என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் புதிதாகவும் இருக்காது. 'தன்' என்று தொடங்குவதால், உடம்பு தன்னையே தாக்கும் எதிர்ப்பொருளோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். அதற்கு உங்கள் பட்டியலிலேயே "சுய எதிர்ப்பொருள்" இருக்கிறது, இரண்டும் மோதாது.

இன்னொன்று. "மீக்கடும் நிராகரிப்பு" என்று, பொருத்திய உறுப்பை உடம்பு உடனே ஒதுக்கிவிடும் ஹைப்பர்அக்யூட் ரிஜெக்‌ஷனுக்குப் போட்டிருக்கிறீர்கள். அங்கே முக்கியமானது கடுமை அல்ல, வேகம். தன்னெழு எதிர்ப்பொருள்கள் பன்றி உறுப்பின் இரத்தக்குழாய் உட்சுவரில் போய் ஒட்டும், அவற்றுக்குத் துணையாகச் செல்லைத் தாக்கும் நிரப்புப் புரதங்கள் (காம்ப்ளிமென்ட்) கிளம்பும், குழாய்க்குள் இரத்தம் உறையும், சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ உறுப்பு கறுத்துச் செத்துவிடும். அதனால் "உடனடி நிராகரிப்பு" போதும். நாள், வாரக் கணக்கில் வருவதை "விரைவு நிராகரிப்பு" என்றும், மாதம் வருடம் என்று இழுப்பதை "நாட்பட்ட நிராகரிப்பு" என்றும் வைத்தால் மூன்றும் வரிசையாக நிற்கும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்குப் பொருத்திய பன்றி இதயத்தில் 10 மரபணு மாற்றங்கள் செய்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பத்தியில் இந்தச் சொற்களைப் போட்டுப் படித்துப் பாருங்கள்: "தன்னெழு எதிர்ப்பொருள்கள் குறிவைக்கும் மூன்று சர்க்கரைகளைப் பன்றி உண்டாக்காதபடி செய்ததால் உடனடி நிராகரிப்பு நேரவில்லை, இதயம் இரண்டு மாதம் துடித்தது." எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்தச் சொல்லில் என்று எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வருகிறேன், நேரிலேயே பேசி முடித்துவிடலாம்.