டான்சில், அடினாய்டு அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள்: காதுவலி இயல்பா?

கெடிலக்கரை:
என் ஆறு வயது மகனுக்குப் புதுச்சேரியில் டான்சிலையும், மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டையும் ஒருசேர அகற்றினார்கள். முதல் மூன்று நாள் ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன், ஐந்தாம் நாளான இன்று இரண்டு காதும் வலிக்கிறது என்று அழுகிறான். தண்ணீரைக்கூடத் தொட மறுக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் இருபுறமும் தயிராடை போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வாய் நாறுகிறது, பேச்சும் மூக்கால் வருகிறது. மாமியார் சீழ் என்கிறார். கடலூரிலிருந்து மறுபடியும் கிளம்ப வேண்டுமா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
அது சீழ் அன்று, அம்மா. புண் ஆறும்போது படரும் பொருக்கு. நாற்றமும் அதனால்தான், சுரண்டிவிடாதீர்கள். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் தொண்டைப் புண்ணின் வலி காதில் தெரிகிறது. மூக்கால் பேசுவது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். எனக்குக் கவலை தருவது அவன் தண்ணீர் குடிக்காததுதான்: வலிப்பதால் குடிப்பதில்லை, குடிக்காததால் தொண்டை உலர்ந்து வலி கூடுகிறது. எழுதிக்கொடுத்த பாரசிட்டமாலை அவன் அழும்வரை காத்திராமல் வேளை தவறாது கொடுத்து, அரை மணி கழித்து இளநீரோ புளிக்காத மோரோ கொடுத்துப் பாருங்கள். அப்போதும் குடிக்காமல், சிறுநீரும் குறைந்தால் இன்றே கிளம்புங்கள். ஆஸ்பிரின் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் இருமல் மருந்தும் வேண்டாம், அதில் கோடீன் இருக்கலாம். கோடீன் கலந்த மருந்தை இந்த அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே எச்சரித்திருக்கிறது.

முத்தியால்பேட்டை:
பொருக்கு உதிரும் நாள்களைச் செவிலியர் அம்மா சொல்லாமல் விட்டார். ஏறக்குறைய 5 முதல் 10 நாளுக்குள் இரத்தக் கசிவு நேரலாம். என் மகளுக்கு ஏழாம் நாள் இரவு நேர்ந்தது. தலையணையில் கறையே இல்லை. தூக்கத்தில் ஓயாமல் எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பித் துப்பச் சொன்னதும் கிண்ணம் சிவந்தது. உடனே கோரிமேட்டில் ஜிப்மர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ஓரிரவு கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். சிறிதளவு புது இரத்தம் கண்டாலும், தானாக நின்றுவிடும் என்று விடியும்வரை காத்திராதீர்கள்.

கெடிலக்கரை:
இருவருக்கும் நன்றி. மருந்து கொடுத்த பின் அரை டம்ளர் மோர் குடித்தான். இன்றிரவு அவன் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

ஓய்வுபெற்ற செவிலியர்:
இரண்டு வாரம் போகட்டும். ஓட்டமும் முறுக்கும் அதுவரை வேண்டாம்.