பழைய வீட்டுக் கணினி: மின்தேக்கிகளை மாற்றுவதா, மின்வழங்கியைச் சோதிப்பதா?

கேள்வி:
1980களின் தொடக்கத்தில் வந்த 8 பிட் வீட்டுக் கணினி ஒன்று, நெடுங்காலம் பரணில் கிடந்தபின் என் கைக்கு வந்துள்ளது. ஆவலை அடக்க முடியாமல், எதையும் சோதிக்காமல் பழைய மின்வழங்கியையே இணைத்துவிட்டேன். விளக்கு எரிந்தது, ஆனால் தொலைக்காட்சித் திரையில் எழுத்து எதுவும் தோன்றவில்லை. மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்றிவிடலாமா?

பதில் 1:
மின்தேக்கிகள் இருக்கட்டும், முதலில் மின்வழங்கியைத் தனியே கழற்றி மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அக்காலத்துச் சில்லுகளில் பெரும்பாலானவை 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலான எல்லைக்குள் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. மின்னழுத்தச் சீராக்கி பழுதடைந்தால் அந்த எல்லை மீறப்பட்டு, நினைவகச் சில்லுகள் காவு போகலாம். சுமையின்றி, அதாவது மின்சாரத்தை இழுக்கும் எதையும் இணைக்காமல், அளக்கையில் ஒழுங்காகக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் தடுமாறும் மின்வழங்கிகளும் உண்டு என்பதால், 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை இணைத்து அளப்பதே நம்பகமானது.

பதில் 2:
கணினியின் மின்சுற்றுப் பலகையில் 4116 வகை நினைவகச் சில்லுகள் இருந்தால், அவற்றுக்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. −5 மட்டும் வராமற்போனாலும் அவை கெட்டுவிடக்கூடும். பின்னர் வந்த 4164 சில்லுக்கு 5 வோல்ட் மட்டுமே போதும். மின்தேக்கிகளைக் கண்மூடித்தனமாக மாற்றாதீர்கள். அப்படி மாற்றப்போய், பற்றவைப்புக் கோலின் சூட்டில் பலகையின் தாமிரத் தடத்தையே பெயர்த்தெடுத்தவன் நான்.

கேட்டவர்:
அளந்தேன், சுமையுடன் 7 வோல்ட் காட்டுகிறது! சீரான வேறொரு மின்வழங்கியில் இயக்கியபோது, எட்டு 4164 சில்லுகளில் இரண்டு மட்டும் விரல் வைக்க முடியாதபடி சுடுகின்றன. அவ்விரண்டையும் முதலில் மாற்றப்போகிறேன்.