புதுப்பிப்பு: அம்மாவின் முட்டி எக்ஸ்ரே

திருப்பரங்குன்றம் கோயில் படி ஏறி இறங்கினால் அம்மாவுக்கு முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் தெரிந்துவிட்டது. நிற்கவைத்து நேராக எடுத்த அந்தப் படத்தில் சில்லு தொடை எலும்பின் மேலேயே விழுந்துவிடும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியவே தெரியாது. அண்ணாநகரில் பார்த்த டாக்டர் ஸ்கைலைன் வியூ எழுதிக்கொடுத்தார். முட்டியை மடக்கி, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே கதிர் போகிற மாதிரி எடுப்பது. அதில் வெளிப்பக்க இடைவெளி ஏறக்குறைய மூடியே கிடக்கிறது, ஓரத்தில் எலும்பு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் தேய்மானத்தைச் சொல்கிறார்கள். படி ஏறும்போது வலிக்கிறவர்கள் இந்தப் படமும் வேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போதைக்குத் தொடைத் தசைப் பயிற்சிதான், ஆபரேஷன் பேச்சே இல்லை.