படைக் கல்லூரி வெளியேறிய பின் பழைய மாளிகைகளின் நிலை என்ன?

கேள்வி (கும்பகோணம், கட்டடக்கலை மாணவி):
வணக்கம். லண்டன் கிரீனிச்சில் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த மாளிகைகள், அந்நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுள் முதல் தரத்தைச் சேர்ந்தவை. அங்கு 1873 முதல் இயங்கிய அரச கடற்படைக் கல்லூரி 1998-இல் வெளியேறியதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அந்த இடமாற்றம் சரிதானா? நம் ஊர்ப் பக்கம் அலுவலகம் காலிசெய்த கட்டடத்தின் சுவரில் அடுத்த மழைக்குள் அரசங்கன்று முளைத்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற படைவீரர்):
சரியென்றே நினைக்கிறேன், அம்மா. முப்படை அதிகாரிகளும் ஒன்றாகப் பயில வேண்டும் என்பதற்காக 1997-இல் கூட்டுக் கல்லூரி தொடங்கப்பட்டு, 2000-இல் இங்கிலாந்தின் ஷ்ரிவன்ஹாம் என்ற ஊரிலுள்ள புதிய வளாகத்துக்குச் சென்றது. நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள படை அதிகாரிகள் கல்லூரியிலும் முப்படையினரும் சேர்ந்துதான் பயில்கிறார்கள். மேலும், கிரீனிச்சில் கிங் வில்லியம் கட்டடத்துக்குள் 1962 முதல் 1996 வரை பயிற்சிக்காக ஒரு சிறிய அணு உலையே இயங்கியது. படைக்கு வேண்டியவை பெருகப் பெருக, பழைய சுவர்கள்தாம் அவற்றுக்கு இடம் கொடுத்தாக வேண்டும். அது அந்தச் சுவர்களுக்கு நல்லதல்ல.

மறுமொழி (தரங்கம்பாடி):
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் என் கவலை, அடுத்து யார் வருகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கிரீனிச் வளாகத்தைக் குத்தகைக்கு விட அரசு முன்வந்தபோது பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் தனி அறக்கட்டளை ஒன்று பொறுப்பேற்றது. கிரீனிச் பல்கலைக்கழகமும், 2001-இல் டிரினிட்டி இசைக் கல்லூரியும் அங்கு குடியேறின. அதிகாரிகள் உணவருந்திய ஓவிய மண்டபத்தை இன்று எவரும் சென்று பார்க்கலாம். ஜேம்ஸ் தார்ன்ஹில் 19 ஆண்டுகள் தீட்டிய விதானம் அது!

நம் டெல்டாவில் சுண்ணாம்புத் தளம் போட்ட கட்டடங்களுக்கு, ஐப்பசி அடைமழைக்கு முன் மாடியேறித் தூம்பு அடைப்பை நீக்கவும், விரிசலில் முளைத்த கன்றை வேரோடு எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசவும் ஆள் வேண்டும். சிமெண்டால் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். பூட்டிய கட்டடத்தில் இவற்றையெல்லாம் கவனிக்க யாரும் இருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தஞ்சை அரண்மனைக்குள் சரசுவதி மகால் நூலகம் இன்றும் இயங்குவதையும் இதனுடன் ஒப்பிட்டு எழுதப் போகிறேன். அங்கே மழைக்காலப் பராமரிப்பை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், எந்தப் பகுதியில் முதலில் நீர் கசிகிறது என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.