கடனை அடைத்தால் அழும் குள்ளர்கள்: ஆட்டத்தில் எப்படிப் புரியவைப்பது?

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கற்பனைக்கதை ஆட்டம்), 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நான்கு பேர் ஆடுகிறார்கள், கதை நடத்துவது நான். அதில் குள்ளர் என்று ஒரு கற்பனை இனம் உண்டு. குள்ளர் என்றாலே தாடி, கோடரி, சுரங்கம், பீர். சலித்துவிட்டது. விதிப்புத்தகப்படி அவர்கள் சுமார் 350 வருடம் வாழ்பவர்கள்; அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வழக்கம் உருவாக்கினேன். என் குள்ளர்களுக்குக் கடன்தான் உறவு. கொஞ்சமாவது பாக்கி வைப்பார்கள். முழுக்க அடைத்தால் 'இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன்' என்று அர்த்தம்.

ஐந்து அமர்வு முடிந்தும் யாருக்கும் இது எட்டவில்லை. போன வாரம் சத்திரக் கணக்கு 12 பொற்காசை ஒருவர் மொத்தமாக எண்ணி வைத்தார். சத்திரக்காரக் கிழவி அழுதாள். காசு குறைவு போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வைத்தார்கள்!

ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், யாரும் படிக்கவில்லை. வழிகாட்டிப் பாத்திரத்தைப் பேசவிட்டேன், பாடம் நடத்துவது போலாகிவிட்டது. தாடியையும் சுரங்கத்தையும் நீக்கிப் பார்த்தேன். அப்புறம் 'இவர்கள் குட்டையான மனிதர்கள்தானே' என்றார்கள்.

அடுத்த அமர்வு சனிக்கிழமை. நான் விளக்காமல், ஆடுபவர்களே இந்த வழக்கத்தைக் கண்டுபிடிக்கும்படி என்ன காட்சி வைக்கலாம்?